முதல் எந்த மொழி, பிறகு எந்த மொழி? கொரியா, ஜப்பான், டொச்: குழப்பமாக் கிடக்கு

மல்லாவிப் பெடியன்:

ஏ/எல் எழுதியாச்சு. பெறுபேறு வருமட்டும் சும்மா நிக்காமல் ஒரு மொழி தொடங்குவம் எண்டு யோசிக்கிறன். ஆங்கிலம் வாசிச்சால் விளங்கும், கதைக்கத் தடக்கும். சிங்களம் கடைத்தெரு அளவு. வீட்டில கொரியா எண்டு நிக்கினம், சுவிஸ் மாமா டொச் (ஜேர்மன் மொழி) படி எண்டுறார், எனக்கு ஜப்பான் மொழியில விருப்பம். கிட்டடியில வகுப்பு ஒண்டும் இல்லை, கிளிநொச்சிக்குப் போய்வர அரை நாள் போயிடும். ஆக, போனும் டேட்டாவும்தான் வாத்தியார்.

வாழ்நாளில மூண்டு நாலு மொழி படிக்கலாம் எண்டால் எதை முதல் எடுக்கிறது, எதைப் பிறகுக்கு விடுறது? ரெண்டை ஒண்டாத் தொடங்கலாமோ? இணையத்தில பாத்தால் கொரிய மொழியும் ஜப்பான் மொழியும் உலகத்திலயே கஷ்டமான மொழிகள் எண்டு கிடக்கு. உண்மையோ?

குளக்கட்டு:

தம்பி, அந்த "கஷ்டமான மொழி" பட்டியலை முதலில் தூக்கி ஒரு பக்கம் வையும். அது அமெரிக்க வெளிவிவகார அதிகாரிகளுக்கு மொழி படிப்பிக்கிற நிலையம் போட்ட கணக்கு. பிரெஞ்சுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, கொரிய, ஜப்பான், சீன, அரபு மொழிகளுக்கு 2200 மணி என்று இருக்கும். ஆங்கிலம் தாய்மொழியானவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் அந்த எண். அதே பட்டியலில் தமிழுக்கு 1100 மணி போட்டிருக்கிறார்கள். நீர் அந்த 1100 மணியைப் பிறந்த வீட்டிலேயே முடித்துவிட்டீர்.

ஆங்கிலேயன் கொரிய மொழியிலும் ஜப்பான் மொழியிலும் முட்டுப்படுவது முக்கியமாக இலக்கணத்தில். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், "வந்த பெடியன்" என்பதுபோல் எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. "செய்து பார்", "செய்து வை", "செய்துவிடு" என்று இரண்டு வினையைக் கோக்கிறோமே, ஜப்பான் மொழியில் அப்படியே அதே வேலைக்கு அதே மாதிரியான துணைவினைகள் உண்டு. கொரிய மொழியிலும் "சாப்பிட்டுப் பார்" என்பதைப் "பார்" என்ற வினையை வைத்துத்தான் சொல்வார்கள். வா, வாரும், வாங்கோ என்று ஆளுக்கு ஆள் மாற்றிக் கதைத்துப் பழகிய வாய்க்கு அவர்களுடைய மரியாதை வினைகளும் பெரிய பாரமில்லை.

நமக்கு இடிக்கிற இடம் வேறு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் வல்லொலிக்கும் மெலிந்த ஒலிக்கும் ஒரே எழுத்து. ஜப்பான் மொழியில் வல்லென்று ஒலிக்கும் "கின்" தங்கம், மெலிந்து ஒலிக்கும் "கின்" வெள்ளி. கொரிய மொழியில் "தல்" என்று நாம் எழுதக்கூடியவை மூன்று: மூச்சுக் குறைந்தால் நிலா, தொண்டையை இறுக்கிச் சொன்னால் மகள், மூச்சைத் தள்ளிச் சொன்னால் முகமூடி. அதனால் கொப்பியில் தமிழ் எழுத்தால் உச்சரிப்பு எழுதவே வேண்டாம். ஜப்பான் மொழியின் "கிதெ" (வந்து) என்பதை ஒற்றைத் தகரத்தில் எழுதினால் நாக்கு மெலித்துவிடும், இரட்டித்தால் "கித்தெ" (வெட்டி) ஆகிவிடும். தமிழில் எழுதிப் படித்தவர்கள் வாசிப்பில் தப்பிவிடுவார்கள், கேட்டல் பகுதியில்தான் புள்ளி போகும்.

எழுத்துக்கு எவ்வளவு நாள் என்றால், கொரிய எழுத்தில் அடிப்படை 24, கூட்டெழுத்தும் சேர்த்து 40. ஒரு கிழமை காணும். ஜப்பானில் ஹிரகானா 46, கத்தகானா 46, இரண்டுக்கும் மூன்று கிழமை. அதன்பின் காஞ்சி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் வரும். ஜப்பான் மொழிப் பரீட்சையின் ஆரம்பப் படியான என்5க்கு நூறளவில், அதற்கு அடுத்த என்4க்கு முந்நூறளவில், பத்திரிகை வாசிக்க இரண்டாயிரத்துக்கு மேல். ஜப்பான் மொழியில் உண்மையான பாரம் அதுதான், அதற்குத் தமிழ் உதவாது. கதைக்க மட்டும் என்றால் ஜப்பான் சுகம், வாசிக்கவும் வேண்டும் என்றால் கொரியாதான் விரைவு.

வேலைக்காகப் படிப்பதென்றால் பரீட்சையைப் பார்த்து மொழியைத் தெரிவு செய்யும். கொரிய வேலைக்கு ஆள் எடுக்கிற ஈபிஎஸ் பரீட்சையில் 40 கேள்வி, வாசிப்பு 20, கேட்டல் 20, மொத்தம் 200 புள்ளி. வயது 18 முதல் 39. சித்திப் புள்ளியைத் தொட்டால் மட்டும் போதாது, மேலிருந்து எண்ணித்தான் எடுப்பார்கள். பெயர் பட்டியலில் ஏறினாலும் அங்குள்ள முதலாளி தெரிவு செய்தால்தான் பயணம். இந்த வழி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக மட்டுமே. இடையில் நின்று "இடம் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்கிற ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நிறக்குருடு இருந்தால் அதிலேயே விலக்கப்படலாம், ஆறு மாதம் படிக்க முதல் கண்ணைச் சோதித்துக்கொள்ளும்.

ஜப்பானில் 2019இல் தொடங்கிய குறித்த திறன் விசாவுக்கு என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற மொழிப் பரீட்சையில் சித்தி வேண்டும். பின்னது 250க்கு 200. அதோடு துறைக்குரிய திறன் பரீட்சை. முதியோர் பராமரிப்பு என்றால் அதற்கென்று தனி மொழிப் பரீட்சையும் உண்டு, பலர் கடைசி நேரத்தில்தான் அதைக் கேள்விப்படுகிறார்கள்.

முள்ளியவளை அக்கா:

குளக்கட்டு அண்ணை சொன்ன இலக்கணம் சரி. ஆனால் மொழியைச் சுகம் பார்த்து எடுக்கக் கூடாது, அடுத்த பத்து வருசம் ஆரோடு கதைக்கப் போறம் எண்டு பார்த்து எடுக்க வேணும். மாமா சுவிஸ் எண்டால் எந்தக் கன்டோன் (மாநிலம்) எண்டு முதல் கேளுங்கோ. பேர்ன், சூரிச் எண்டால் டொச். ஜெனீவா, லொசான் எண்டால் பிரெஞ்சு. இதைக் கேக்காமல் ஒரு வருசம் தேவையில்லாத மொழி படிச்ச ஆக்கள் உண்டு. டொச் பக்கம் எண்டாலும் எழுதுறது ஜேர்மன் நாட்டு டொச், வீட்டிலயும் கடையிலயும் கதைக்கிறது சுவிஸ் டொச். எழுத்துத் தமிழுக்கும் வாய்த் தமிழுக்கும் இருக்கிற தூரம்போல எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முதல் எழுத்து மொழியைப் படியுங்கோ, மற்றது அங்க போய்க் காதில விழும்.

டொச்சில நாலு வேற்றுமை. எட்டு வேற்றுமை படிச்ச எங்களுக்கு அந்த எண்ணம் புதுசில்லை. இடைஞ்சல் மூண்டு பால். உயிர் உள்ளது இல்லாதது எண்ட கணக்கே கிடையாது: சின்னப் பெண்பிள்ளை அஃறிணை, சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2 எண்டு கீழ இருந்து மேல படிகள் இருக்கு. சொல்லைத் தனியாப் பாடமாக்கினால் ஏ2 வரைக்கும் சமாளிக்கலாம், பி1 எழுத்துப் பகுதியில விழுந்து போவியள். முதல் நாளில இருந்தே பாலைக் காட்டுற டெர், டீ, டாஸ் சேர்த்து மூண்டு நிறத்தில எழுதுங்கோ.

கலியாணம் கட்டி ஜேர்மனிக்குப் போறவைக்கு ஏ1. அங்க தொழிற்பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1 கேப்பினம், தாதிமாராகப் பதிய பி2 வரும். டொச் படிப்பிச்சுப் பரீட்சை வைக்கிற கோதே நிறுவனத்தின் கணக்கில பி1க்கு 350 முதல் 650 பாடவேளை, ஒண்டு 45 நிமிசம். கோதே பி1 பரீட்சையில வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு எண்டு நாலு பகுதி, ஒவ்வொண்டிலயும் 100க்கு 60 வேணும். தவறின பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம், அதால ஒரே தரத்தில நாலும் எடுக்க வேணும் எண்டு பயப்பட வேண்டாம். சுவிஸ் குடியுரிமைக்குப் பேச்சில பி1, எழுத்தில ஏ2.

பிரான்ஸ் பக்கம் இப்ப இறுக்கிப்போட்டினம். 2026 ஜனவரியில இருந்து குடியுரிமைக்கு பி2, பத்து வருச வதிவிட அட்டைக்கு பி1. முந்தி ஒரு படி கீழ. பழைய ஆக்கள் சொல்லுறதை நம்பி ஏ2வோட நிக்க வேண்டாம். கனடா யோசினை இருந்தாலும் பிரெஞ்சு ஒரு துருப்புச் சீட்டு: 2023 தொடக்கம் பிரெஞ்சு தெரிஞ்சவையைக் குடிவரவுக்கு எடுக்கவெண்டு தனித் தெரிவுச் சுற்று நடத்துகினம். நாலு திறனிலயும் கனடாவின்ர மொழி அளவில ஏழாம் படி வேணும், டெஃப் அல்லது டிசிஎஃப் எண்ட பிரெஞ்சுப் பரீட்சைப் பெறுபேறு ரெண்டு வருசம்தான் செல்லும். அதால விண்ணப்பம் போடுற காலம் தெரியாமல் பரீட்சை எழுதிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மல்லாவிப் பெடியன்:

நன்றி அண்ணை, அக்கா. மாமா பேர்ன். அப்ப கொரிய மொழியும் டொச்சும் ஒண்டாத் தொடங்கினால் என்ன?

நெடுங்கேணி 32:

வேண்டாம். ஒன்று பி1க்கு வந்தபிறகு மற்றது. ஏ2வில் நிறுத்திய மொழி தொடாமல் விட்டால் சில மாதத்தில் கழன்றுவிடும். பி1 கொஞ்சம் ஒட்டி நிற்கும், கிழமைக்கு இரண்டு தரம் அரை மணி நேரம் எதையாவது கேட்டு வாசித்தாலே உயிரோடு இருக்கும். அந்த நிலைக்கு வந்தபின் இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது பறிபோகாது. ஒரே குடும்ப மொழிகளை, உதாரணமாக டொச்சும் டச்சும், ஸ்பானியமும் இத்தாலியமும், ஒரே நேரத்தில் தொட்டால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கொரியாவும் டொச்சும் கலக்காது, ஆனால் உமது நேரம் ஒன்றுதானே.

வகுப்பில்லாமல் படிக்க: சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஆன்கி செயலியை அன்ட்ரோயிட் போனில் இலவசமாக இறக்கலாம், டேட்டா இல்லாமலும் ஓடும். நாளுக்குப் பத்துப் புதுச் சொல், கூட வேண்டாம். பத்துப் போட்டாலே சில கிழமையில் திரும்பப் பார்க்கிற அட்டை நாளுக்கு எழுபது, நூறு என்று வந்து நிற்கும். தொடக்க ஆர்வத்தில் முப்பது போடுகிறவர்கள் இரண்டாம் மாதம் செயலியை அழித்துவிடுகிறார்கள். அரிவி வெட்டு நாட்களில் ஒரு கிழமை விடுபட்டால் புதுச் சொல்லை நிறுத்தி, தேங்கியதை முடித்துவிட்டுத் தொடரும். அட்டையில் தனிச் சொல் போடாமல் ஒலியோடு ஒரு சின்ன வசனம் போட வேண்டும்.

கேட்டலுக்கு: 15 விநாடி ஒலித்துண்டு ஒன்றை எடுத்து எழுத்தைப் பார்க்காமல் கேட்டு எழுதும், பிறகு ஒப்பிட்டுத் திருத்தும், பிறகு அந்தக் குரலோடு சேர்ந்து பத்துத் தரம் சொல்லிப் பதிவு செய்து கேளும். வல்லொலி, மெல்லொலி பிரச்சினை இதில்தான் தீரும். கொழும்பில் இருக்கிற ஆசிரியரிடம் கிழமைக்கு ஒரு மணி நேரம் இணையத்தில் கதைத்தால் போதும், மிச்சம் உமது வேலை.

சிங்களத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள் எல்லாரும். வெளிநாட்டு மொழியில்லைத்தான், ஆனால் அரச வேலைக்குப் போனால் இரண்டாம் மொழிச் சித்தி கேட்பார்கள். வசன அமைப்பு தமிழோடு ஒட்டியது. அங்கும் க, ப மெலிவு வித்தியாசம்தான் முட்டும், அதில் பழகிய காது ஜப்பான் மொழிக்கும் உதவும்.

பாலை மரம்:

வேலை விசா எல்லாம் முடிந்து ஐம்பது வயதுக்குமேல் படிக்கிற மொழி பற்றி ஒரு வார்த்தை. டொச் பி1 வந்துவிட்டால், ஆங்கிலமும் தெரிந்தால், ஒல்லாந்த (டச்சு) மொழி வாசிப்பு அளவுக்குச் சில மாத வேலை. வன்னிக்காரருக்கு அதில் ஒரு பயன் இருக்கிறது. இந்த மண்ணைப் பற்றிய 18ஆம் நூற்றாண்டு நிர்வாக ஆவணங்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் கிடக்கின்றன. 1793இல் நாகெல் என்ற அதிகாரி எழுதிய வன்னி அறிக்கையும் அதில்தான். ஒல்லாந்தக் கம்பனி ஆவணங்கள் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக்கிலும் உள்ளன. ஹேக் சுவடிக்கூடம் தன்னிடமுள்ளதன் படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பேச்சு வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம், பரீட்சையும் இல்லை. முட்டுப்படுவது கையெழுத்தில்: அந்தக் காலத்து எழுத்துவடிவத்துக்குத் தனியாக இரண்டு மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். அச்சில் வந்த பழைய கடிதம் ஒன்றை அதன் கையெழுத்துப் படத்தோடு பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பழகுவதுதான் வழி.

குளக்கட்டு:

தம்பி, பேர்ன் என்றால் அக்கா சொன்னதுபோல் டொச்சையே முதல் எடும். ஜப்பானுக்கு இன்னும் காலம் இருக்கிறது, கொரியாவுக்குத்தான் 39 என்ற வயது எல்லை. பிறகு என்4 எழுதுவதென்றால் டிசம்பர் பரீட்சை முதல் ஞாயிறில் வரும். விண்ணப்பம் மாதக்கணக்கில் முந்தியே மூடிவிடும், அந்த நேரம் இங்கே மாரி மழை. வெள்ளம் வந்தால் ஏ9 பாதையை நம்ப முடியாது, வெள்ளிக்கிழமையே வெளிக்கிடும்.