கேத்தி பள்ளத்தாக்கு வரைபடம்: ஒரு சொல் தேவை

குன்னூரிலிருந்து:
வணக்கம். பதினோராம் வகுப்புப் புவியியல் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கேத்தி பள்ளத்தாக்கின் பழைய ஓர் அங்குலத் தலப்படமும் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) பிந்தைய 1:50,000 படமும் மேசையில் இருக்கின்றன. பழையதில் சரிவெங்கும் ஹட்டிகள் எனும் படகர் ஊர்கள் சிவப்புப் பொட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. புதியதில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என ரயில் பாதையை ஒட்டிச் சிவப்பு பெருகி, மஞ்சள் விளைநிலத்துக்குள் இறங்குகிறது. நகரோரக் குடியிருப்புகள் ஒழுங்கின்றிப் பெருகும் இந்த 'சபர்பன் ஸ்ப்ராலு'க்கு (suburban sprawl) 'புறநகர் விரிவாக்கம்' சரியா?

கோவையிலிருந்து:
விரிவாக்கம் என்றால் யாரோ திட்டம் போட்டுச் செய்தது. இது தானாகப் பெருகியது. சிலம்பில் 'புறஞ்சேரி இறுத்த காதை' இருக்க, புறநகர் எதற்கு? 'புறஞ்சேரிப் படர்வு' என்க.

உதகையிலிருந்து:
ஐயா, இளங்கோ காலத்துச் சேரி வேறு, இன்று அந்தச் சொல் சுமக்கும் பொருள் வேறு. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். படர்வும் இடிக்கிறது, குறளில் 'படர்மெலிந்திரங்கல்' படித்தவனுக்குப் படர் என்றால் பிரிவுத்துயர். பரவல் என்றாலோ கொரோனா!

கோத்தகிரியிலிருந்து:
புறநகர் என்பது தாம்பரத்துக்குப் பொருந்தும். இங்கே எந்த நகருக்குப் புறம்? குன்னூருக்கா, ஊட்டிக்கா? 1908இல் ரயில் ஊட்டிக்கு வரும் முன்பே ஹட்டிகள் இருந்தன. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரம்: பால், ஹாலு. பட்டி, ஹட்டி. பள்ளி, ஹள்ளி. ஆகவே 'பட்டிப்பெருக்கம்'. (ஆட்டுப்பட்டி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

திண்டுக்கல்லிலிருந்து:
சொல் இருக்கட்டும், டீச்சர். பழைய படம் 1:63,360. அதே ஊர் ஓர் அடி கூட வளராமலிருந்தாலும் 1:50,000 படத்தில் சுமார் 1.6 மடங்கு பரப்பாகத் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் சிவப்பை ஒப்பிடச் சொல்லாதீர்கள். முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து:
நன்றி ஐயா, சேர்த்துவிட்டேன். புறநகரையும் படர்வையும் சேர்த்து 'புறநகர்ப் படர்வு' என்றே போடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடி படர்வதுதான் தெரியும், பிரிவுத்துயர் அல்ல.

கோத்தகிரியிலிருந்து:
அச்சிடுங்கள். கேத்தி யாருடைய புறமும் அல்ல என்ற என் மறுப்பு மட்டும் நிற்கிறது.

கோவையிலிருந்து:
ஒற்று மிகுந்தே வரவேண்டும். அச்சகத்தில் விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.