புதுப்பிப்பு: விலைப் பட்டியல் காலியாக வந்த கதை

போன வாரம் கேட்டிருந்தேனே, கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தேங்காய் மண்டிக்கு விலைப் பக்கம் செய்கிறேன், ஆக்சியோஸில் (சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) மூன்று சரக்குக்கு விலை கேட்டால் 200, அதாவது 'சரி' என்ற பதில், வருகிறது, பட்டியல் மட்டும் காலி என்று. தீர்ந்துவிட்டது.

கோர்ஸ் (ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி) தகராறு என்று இரண்டு பேர் சொன்னீர்கள். அது இல்லை, அப்படியென்றால் பிரவுசர் பதிலைப் படிக்கவே விட்டிருக்காது. பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, போகிற முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஐட்டம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி ஒட்டிக்கொண்டு நின்றது. பேரம்ஸில், அதாவது முகவரியோடு சேர்த்து அனுப்பும் விவரங்களில், அர்ரே (பல மதிப்புகளின் வரிசை) கொடுத்தால் ஆக்சியோஸ் தானாக அப்படித்தான் எழுதும். எதிர்முனை சர்வருக்கோ வெறும் பெயர்தான் தெரியும். பிழை சொல்லாமல் காலியை நீட்டிவிட்டது. 'கேட்டது தப்பு' என்று ஒரு 400 அனுப்பியிருந்தால் எனக்கு மூன்று ராத்திரி மிச்சம். அந்த விவரங்களை முகவரியில் எப்படி எழுதுவது என்று சொல்லும் பேரம்ஸ்சீரியலைசரில் இன்டெக்ஸஸை நல் (null) என்று வைத்தேன், குறி போய்விட்டது.

அப்புறம் டைம்அவுட், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எல்லை. ஆக்சியோஸில் அது இயல்பாகவே 0, அதாவது காத்திருக்க எல்லையே இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும்போது பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். 8000 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறேன்.

மாமா நேற்று பார்த்துவிட்டு, "வெல வருது, சரி. கொப்பரைய ஏன்டா கடைசில போட்ட?" என்றார்.