2008ல ரப்பர் வெல விழுந்தது யாருக்காவது ஞாபகம் இருக்கா?

குலசேகரத்துக்காரன்:
அந்த வருசம் ஆடில ஷீட் கிலோ 140 பக்கம் போச்சு, ஊர்ல பாதிப்பேரு கடன் வாங்கி மாடி கட்டுனாவ. செப்டம்பர் 15 அமெரிக்கால லேமன் பிரதர்ஸ்னு பெரிய பேங்க் கவுந்தது, கிறிஸ்துமஸுக்குள்ள இங்க வெல பாதிக்குப் பாதி. கார் ஓடாம டயர் கம்பெனிக்கு என்ன வேல, அதுக்கு மேல கச்சா எண்ணெய் ஜூலைல பீப்பா 147 டாலர்ல நின்னது 40க்குக் கீழ வந்து, அதுல இருந்து செய்யுற செயற்கை ரப்பரும் மலிஞ்சு போச்சு. எனக்கு மனசுல கெடக்கது எங்க பால்வெட்டுக்கார அண்ணன்தான். வெட்டு நிறுத்துவோம்னு அப்பா சொன்ன அன்னைக்கு அவரு ஒண்ணும் பேசல, மரம் மரமா போயி சிரட்டையைக் கவுத்தி வச்சாரு, கத்தியைத் துணில தொடச்சு அம்மாகிட்ட நீட்டினாரு. அவரு சொந்தக் கத்தி, வாங்குன அட்வான்ஸுக்கு ஈடாம். அம்மா வாங்கல. பொறவு கேரளால கல்குவாரிக்குப் போயிட்டாரு.

மணவாளக்குறிச்சி மக்கா:
நான் அப்போ துபாய், சோனாப்பூர்ல கூலிக்காரங்க தங்குற கேம்ப். சைட்ல கிரேன் எல்லாம் நின்னுட்டு, சம்பளம் வரல, ஊருக்குப் போன் போட யாருக்கும் தைரியம் இல்ல, ஏஜென்டுக்குக் குடுத்தது அம்புட்டும் வட்டிக்கு எடுத்தது. களியக்காவிளைக்காரன் ஒருத்தன் வீட்டுக்காரிகிட்ட "சம்பளம் வந்துட்டு, நாளைக்கு அனுப்புறேன்"னு சிரிச்சுப் பேசுறான், ரிட்டர்ன் டிக்கெட் அவன் தலகாணிக்கு அடில கெடக்கு.

கோட்டாத்துப் பேத்தி:
ரெண்டு பேரு சொன்னதும் கஷ்டந்தான், ஆனா இதை 1929ல தொடங்கி உலகம் பூரா தொழில் படுத்த பெருமந்தத்தோட சேக்காதிய. 1933ல அமெரிக்கால நாலு பேருல ஒருத்தருக்கு வேல இல்ல, பேங்க் ஆயிரக்கணக்குல மூடுச்சு. நம்ம ஊரு அப்போ திருவிதாங்கூர். நெல்லும் கொப்பரையும் வெல விழுந்தாலும் நிலத்துக் கரமும் கடனும் பைசா கொறையல, அதான் ஆளை முடிச்சது. 1931 செப்டம்பர்ல இங்கிலாந்து பவுண்டைத் தங்கத்துல இருந்து கழத்திவிட்டுச்சு, ரூபா பவுண்டோட கட்டிக் கெடந்ததால இங்க தங்கம் வெல ஏறிச்சு, கடன்காரன் பிடிச்ச பிடில ஜனங்க நகையை வித்தாவ, அது கப்பல்ல லண்டனுக்குப் போச்சு. எங்க பாட்டியோட அம்மா பாம்படத்தைக் கழத்தி ஆசாரி உரைகல்லுல உரசுறதைப் பாத்துட்டே நின்னாவளாம். அதுக்கப்பறம் வடிஞ்ச காதை முந்தானையால மூடாம வாசலுக்கு வரமாட்டாவன்னு பாட்டி சொல்லும்.

ரிட்டயர்டு வாத்தியார், மார்த்தாண்டம்:
எங்க அண்ணனும் 2008ல தோட்டத்தை வித்தான். எல்லாரும் ஒண்ணு செய்யணும். ரப்பரை மட்டும் நம்பாதிய, ரப்பர் கன்னு சின்னதா இருக்கப்பவே இடையில வாழை, அன்னாசி போடுங்க. வெல ஏறும்போது கடன் எடுத்து வீடு கட்டாதிய. ஆறு மாசச் செலவு கைல வேணும். கந்து வட்டிக்காரன் படி ஏறவே கூடாது, அவசரத்துக்குக் கூட்டுறவு சங்கத்துல நகையை வைங்க. பேங்க்ல போட்டதுல ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ், அதனால பிரிச்சுப் போடுங்க. பிள்ளைகளுக்கும் கணக்கு எழுதப் படிச்சுக் குடுங்க.

குலசேகரத்துக்காரன்:
சார், தோட்டம் இருக்கவனுக்கு நீங்க சொல்றது சரி. வெட்டுக்காரருக்கு ஏது தோட்டம், எங்க வாழை வைப்பாரு? 2011ல வெல 200ஐத் தாண்டுனப்போ அப்பா அவரைத் திரும்பக் கூப்பிட்டாவ. வரல. பிளஸ் டூ படிச்சிட்டிருந்த மகனும் அதே குவாரில வேலைக்கு நிக்கான்னு சொன்னாரு.