ஆம்னிக்கு வீட்டிலேயே பிரேக் பைப் மாற்றியது

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் ஏற்ற ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறோம். பிரேக்கை அமுக்கிப் பிடித்தால் பெடல் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது, டப்பாவில் பிரேக் ஆயிலும் குறைந்தது. அடியில் படுத்துப் பார்த்ததில், பின்சக்கரத்துக்குப் போகும் இரும்பு பைப்பில் கிளிப் மாட்டிய இடத்தில் கசிவு. சேறு அந்த இடுக்கில்தான் தங்கும். கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் துருவே தெரியாது. அடிக்கடி வால்பாறைக்குப் போகிற வண்டி, ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்கே ஓரங்கட்டிவிட்டேன்.

பைப் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும். இதற்கென்றே இருக்கும் பிளேர் நட் ஸ்பேனர் கட்டாயம் வேண்டும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டதால் காலையில் சிரமமில்லாமல் கழன்றது. பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி புதியதை வளைத்தேன்.

முனையை விரிக்கும் வேலையை மட்டும் பழக்கமான பட்டறையில் கொடுத்தேன். ஏசி மெக்கானிக் டூலில் ஒற்றை மடிப்புதான் வரும். பிரேக்குக்கு இரட்டை மடிப்பு வேண்டும். ஏசிக்குப் போடும் செம்புக் குழாயையும் இதில் போடக் கூடாது, அதிர்வில் விரிசல் விடும். காசு மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

புது பைப்பை மாட்டியதும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற மகள் உதவினாள். "அம்மிணி, அமுக்கிப் புடிச்சுக்கோ, நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதே."
"சரிங்ப்பா."

அவள் பிடித்திருக்கும்போதே சக்கரத்துப் பக்கம் காற்றை வெளியே விட இருக்கும் சின்ன திருகை (நிப்பிள்) தளர்த்தி, குமிழியோடு ஆயில் வந்ததும் இறுக்கிவிட வேண்டும். அப்புறம்தான் அவள் காலை எடுக்கணும். பெடலை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்தேன். நடுவில் டப்பா காலியாகிவிட்டால் மறுபடி காற்று ஏறும், அதனால் ஊற்றிக்கொண்டே இருக்கணும்.

ஆயிலைக் கடையில் வாங்கிய புது டின்னிலிருந்துதான் ஊற்றினேன். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்த பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி கட்டினால் பெடல் பஞ்சாகிவிடும். பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்க, இல்லாவிட்டால் உரித்துவிடும்.

இன்ஜினை ஓட விட்டுப் பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. தோட்டத்துப் பாதையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்து, திரும்பவும் அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் ரோட்டில் ஏற்றினேன்.

செம்பு-நிக்கல் கலந்த பைப் சீக்கிரம் துருப்பிடிக்காது என்கிறார்கள். கோயமுத்தூரில் யாராவது வாங்கிப் போட்டிருந்தால் எந்தக் கடை என்று சொல்லுங்க. முன்பக்கத்துக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது.