உதவி: சவுண்ட் டிகோடர் போட்ட ஆல்கோ, ஹாரன் அடித்தால் செத்துப்போகிறது

பொன்மலைப்பையன்:
நண்பர்களே, அவசரம். என் ஆல்கோ டீசல் மாடல் ரயில் என்ஜினில், கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு போர்டான பழைய டிகோடரைக் கழற்றிவிட்டு ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சவுண்ட் டிகோடர் ஒன்றைப் போட்டேன். ஐடிலில் சத்தம் அருமை. ஆனால் ஹாரன் அடித்தாலோ, வேகம் கூட்டினாலோ ஒரு நொடி எல்லாம் போய்விடுகிறது. விளக்கு அணைகிறது, வண்டி நிற்கிறது, அப்புறம் என்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. சிவி 8-ல் (சிவி என்பது டிகோடரின் எண்ணிட்ட அமைப்பு) 8 போட்டு ரீசெட்டும் செய்துவிட்டேன், அதே கதைதான். ஒயரிங் எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் பிறந்தநாள், அதற்குள் ஓட வேண்டும்.

லூப்லைன்:
எந்த ஆல்கோ? எச்ஓ அளவா, அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவா? தண்டவாளத்துக்குக் கரண்டும் கட்டளையும் கொடுக்கும் கமாண்ட் ஸ்டேஷன் எது? டிகோடர் எத்தனை பின்?

தூசிதட்டி:
தண்டவாளம் அழுக்கு, வேறொன்றும் இல்லை. மோட்டார் டிகோடர் மட்டும் இருந்தவரை நமக்குத் தெரியாது. கரண்ட் கண நேரம் விட்டுப்போனாலும் சக்கரம் சுற்றும் வேகத்தில் வண்டி கடந்துவிடும். சவுண்ட் வந்த பிறகுதான் ஒவ்வொரு விடுபடலும் காதில் விழும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள். சக்கரத்தையும் துடையுங்கள், முக்கியமாகச் சக்கரத்தின் பின்பக்கம் கரண்ட் எடுக்கும் பிக்கப் தகடு உரசும் இடம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

சாலிடர்சாமி:
கீப் அலைவ் போடுங்கள், கரண்ட் விட்டுப்போகும் கணங்களில் டிகோடரைத் தாங்கும் கெப்பாசிட்டர் அது; பிரச்சினை முடிந்தது. 2.7 வோல்ட், 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் ஐந்தை சீரிஸில் கோத்தால் 13.5 வோல்ட் தாங்கும், மொத்தம் 0.2 ஃபாரட். அதோடு 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் கட்டாயம். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால், வண்டியை வைத்த கணமே கமாண்ட் ஸ்டேஷன் ஷார்ட் என்று நினைத்து டிரிப் ஆகும். பிளஸ் நீல ஒயரில், மைனஸ் டிகோடரின் கிரவுண்டில். கிரவுண்டுக்கு ஒயர் வெளியே வராத டிகோடர் என்றால் போர்டிலேயே தேடித் தொட வேண்டியிருக்கும்.

மூத்தகார்டு:
இந்த இழையைப் போல நூறு பார்த்தாகிவிட்டது. மலிவு டிகோடர் வாங்குவார்கள், மேனுவலைத் திறக்க மாட்டார்கள், பிறகு இங்கே வந்து நிற்பார்கள். தம்பி, லோக்சவுண்ட், ஜிமோ என்று பெயர் உள்ளவை எதற்கு இருக்கின்றன? முதலில் டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டி ஓட்டும் முறை) என்றால் என்ன என்று படித்துவிட்டு இரும்பைச் சூடாக்குங்கள்.

லூப்லைன்:
கார்டு சார், லோக்சவுண்ட் விலைக்கு இவர் இன்னொரு லோகோவே வாங்கலாம். எட்டு லோகோ வைத்திருப்பவர் எட்டிலும் அதைப் போட முடியுமா? மலிவானதை ஒழுங்காக ஓட வைப்பதும் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பகுதிதானே.

சிக்னல்மீனா:
பொன்மலைப்பையன், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, மோட்டார் சுற்றாமல், வெறும் ஹாரன் மட்டும் அடித்தால் என்ன ஆகிறது?

பொன்மலைப்பையன்:
எச்ஓ, சி-424. 8 பின். நின்றுகொண்டே அடித்தாலும் போகிறது அக்கா. தண்டவாளம் துடைத்தாயிற்று, மாற்றமில்லை. சிவி எழுத, படிக்க வைத்திருக்கும் தனித் தண்டவாளமான ப்ரோகிராமிங் ட்ராக்கில் வைத்து சிவி படிக்கப் பார்த்தால் எர்ரர் வருகிறது. டிகோடர் போய்விட்டதா?

சிக்னல்மீனா:
நின்றுகொண்டே போகிறதென்றால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் விட்டுவிடலாம். அதே இடத்தில், அதே தொடுப்பில் ஐடில் சத்தம் நன்றாக வருகிறதே. மோட்டாரும் அநேகமாகக் காரணமில்லை. மிச்சம் இருப்பது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும். ஸ்பீக்கர் என்ன போட்டீர்கள்? எத்தனை ஓம்? ஒன்றா, இரண்டா?

சிவி படிக்க முடியாததற்கு டிகோடர் செத்திருக்க வேண்டியதில்லை. ப்ரோகிராமிங் ட்ராக்கில் கமாண்ட் ஸ்டேஷன் அளந்துதான் கரண்ட் கொடுக்கும். டிகோடர் பதில் சொல்வது மோட்டாரை ஒரு கணம் ஓடவிட்டு, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக 6 மில்லி செகண்ட் இழுத்துத்தான். வண்டி லேசாகத் துள்ளுவது அதனால்தான். சவுண்ட் டிகோடரின் கெப்பாசிட்டர்களும் ஆம்பும் முதலிலேயே கரண்டைத் தின்றுவிட்டால், சில கமாண்ட் ஸ்டேஷன்களுக்கு அந்தத் துள்ளல் புரியாது. மெயின் ட்ராக்கில் வைத்து எழுதுங்கள். திரும்பப் படித்துப் பார்க்க முடியாமல் போகலாம், ஆனால் எழுதியது ஏறும்.

தூசிதட்டி:
நின்றுகொண்டிருக்கும்போதும் அழுக்கில் பொறி பறக்கலாம். ஹாரனுக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், அழுக்குத் தொடுப்பு அதைத் தராது. நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

ஈரோடுஷெட்:
சி-424 என்றதும் ஓடி வந்தேன். அதுவும் இந்திய ரயில்வேயின் நம்ம டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோவும் ஒரே குடும்பம். இரண்டிலும் 16 சிலிண்டர் ஆல்கோ 251 என்ஜின். அது 2400 குதிரைத்திறன், நம்முடையது 2600. டபிள்யூடிஎம்-2 முதலில் 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் கட்டினார்கள். ஒரு காலத்தில் ஈரோடு, பொன்மலை ஷெட்களில் வரிசையாக நின்றன. உங்கள் டிகோடரில் இருப்பது உண்மையான 251 சத்தமா, இல்லை ஏதோ ஒரு பொது டீசலா? மலிவு டிகோடர்களில் ஈஎம்டி (இன்னொரு அமெரிக்க டீசல் கம்பெனி) சத்தத்தைப் போட்டு எல்லா டீசலுக்கும் இதுதான் என்பார்கள்.

டபுள்ஹெட்டர்:
யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? டீசல் டீசல்தான்.

ஈரோடுஷெட்:
தெரியாமல் என்ன? அப்படிச் சொல்லாதீர்கள். ஈஎம்டி 2 ஸ்ட்ரோக், சீராக ஒரு ரீங்காரம். 251 என்பது 4 ஸ்ட்ரோக். ஐடிலில் சுமார் 400 ஆர்பிஎம், ஒவ்வொரு அடியையும் தனியாக எண்ணலாம் போல டக்… டக்… டக்கென்று நொண்டும். நாட்ச், அதாவது த்ராட்டில் படி, ஏற்றும்போது டர்போ பிடிக்க நேரமெடுக்கும். அந்த இடைவெளியில்தான் கரும்புகை. எட்டாவது நாட்ச்சில் 1000 ஆர்பிஎம். இந்தத் தாமதம் டிகோடரில் இல்லையென்றால் அது ஆல்கோ இல்லை.

டபுள்ஹெட்டர்:
சரி, என்ஜின் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஹாரன்? அமெரிக்க வண்டியில் மூன்று, ஐந்து சுரம் சேர்ந்து வரும். நம்மூரில் ஒரு கூர்மையான சுரம், ஒரு தடித்த சுரம். அமெரிக்க ஹாரனோடு தென்னக ரயில்வே நிறத்தில் ஒரு வண்டி வந்தால் எனக்கு உடம்பு கூசும்.

ஈரோடுஷெட்:
அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவு டிகோடரில் ஹாரனை மாற்ற வழியிருக்காது. இருப்பதிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் ஒரு சிவி தருவார்கள். சொந்தப் பதிவை ஏற்ற வேண்டுமானால் லோக்சவுண்ட் போன்ற டிகோடரும், சத்தத்தை ஏற்றும் லோக்ப்ரோகிராமர் போன்ற கருவியும் வாங்கியாக வேண்டும். விலை வித்தியாசம் அங்கேதான் நியாயமாகிறது.

மூத்தகார்டு:
கடைசியில் நான் முதலிலேயே சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தீர்கள்.

சிக்னல்மீனா:
இழையை டபிள்யூடிஎம்-2 கொண்டுபோய்விட்டது. பொன்மலைப்பையன், ஸ்பீக்கர்?

பொன்மலைப்பையன்:
சுகர் க்யூப் எனும் குட்டி ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சத்தம் கூட வரட்டும் என்று இரண்டையும் டிகோடரின் அதே இரண்டு ஒயரில் சேர்த்தேன். பெட்டி போட்டிருக்கிறேன். இதில் என்ன?

சிக்னல்மீனா:
இதுதான். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலாக இருந்தால் டிகோடர் பார்ப்பது 2 ஓம். உங்கள் டிகோடர் மேனுவலில் 8 ஓம் என்று இருந்தால், அதே வால்யூம் அமைப்பில் ஆம்ப் நான்கு மடங்கு கரண்ட் இழுக்க வேண்டியிருக்கும். ஐடிலில் தாங்கும். ஹாரன்தான் எல்லாவற்றிலும் உரத்த சத்தம், அப்போது போர்டின் வோல்டேஜ் விழுகிறது, ப்ராசசர் ரீசெட் ஆகிறது, என்ஜின் ஸ்டார்ட்டிலிருந்து தொடங்குகிறது. வேகம் கூட்டும்போது மோட்டாரும் நாட்ச் சத்தமும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. இப்படியே பல நாள் ஓட்டினால் ஆம்ப் எரிந்துவிடும். அதனால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

உறுதி செய்ய ஸ்பீக்கர் ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுங்கள், ஹாரன் பட்டனையும் அழுத்துங்கள். சத்தம் இருக்காது, ஆனால் விளக்கு அணையாமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம். பிறகு வண்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் பக்கமுள்ள இரண்டு ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 2-ஐ ஒட்டி வந்தால் பேரலல். 7, 8 பக்கம் வந்தால் சீரிஸ்.

சரிசெய்வது எளிது. ஒன்றின் பிளஸ் டிகோடரின் ஒரு ஒயருக்கு, அதன் மைனஸ் அடுத்ததன் பிளஸ்ஸுக்கு, அதன் மைனஸ் டிகோடரின் இன்னொரு ஒயருக்கு. பிளஸ் மைனஸ் மாறினால் இரண்டும் எதிரெதிராக அசைந்து சத்தம் மெலிந்துவிடும். கழற்றிய முனைகள் சேசிஸில் படாமல் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், ஸ்பீக்கர் ஒயர் உலோகத்தைத் தொட்டால் ஆம்ப் அங்கேயே முடிந்துவிடும். சத்தம் இன்னும் வேண்டுமென்றால் பெட்டியின் ஓரங்களைப் பசையால் காற்றுப் புகாமல் அடையுங்கள். ஸ்பீக்கரின் முன் பக்கச் சத்தமும் பின் பக்கச் சத்தமும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டாவது ஸ்பீக்கரை விட அடைத்த பெட்டிதான் அதிகம் தரும்.

சாலிடர்சாமி:
சீரிஸ் செய்த பிறகும் கீப் அலைவ் போட்டால் நல்லதுதான், பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) கடக்கும்போது உதவும்.

தூசிதட்டி:
பாயிண்ட்டில் அழுக்கு இல்லையென்றால் அதுவும் தேவையில்லை.

பொன்மலைப்பையன்:
மீட்டரில் 1.9 வந்தது. சீரிஸ் ஆக்கிவிட்டேன். நிற்காமல் ஓடுகிறது, ஹாரனும் சரி. சத்தம் கொஞ்சம் குறைவு, பெட்டி அடைக்க வேண்டும். மீனா அக்காவுக்கு நன்றி.

ஈரோடுஷெட்:
ஐடில் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து போடுங்கள். 251-ஆ இல்லையா என்று கேட்டுச் சொல்கிறேன்.

லூப்லைன்:
அந்த டிகோடர் என்ன மாடல் என்று இன்னும் சொல்லவில்லையே? எனக்கும் இரண்டு வேண்டும்.

டபுள்ஹெட்டர்:
பதிவும் வரவில்லை, மாடலும் வரவில்லை. பிறந்தநாள் வேலையில் இருப்பார்.