காது இரைச்சலும் தலைசுற்றலும்: ஒரே நோயா, இரண்டா?

அச்சுக்கூடத்தான்
வயது 54. இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் வேலை. மூன்று ஆண்டுகளாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல் ஓயாத சத்தம். பகலில் தெரிவதில்லை; விளக்கை அணைத்ததும் தொடங்கிவிடும். அதோடு ஒருவாறு பழகிவிட்டேன். பத்து நாட்களுக்கு முன் விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டேன், அறையே சுழன்றது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இப்போது தினமும் வருகிறது, மேல் அலமாரியை அண்ணாந்து பார்த்தாலும் வருகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை சரியாக இருக்கின்றன. எக்ஸ்ரே பார்த்து, எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். பட்டையைப் போட்டாலும் சுற்றுகிறது. சத்தமும் சுற்றலும் ஒரே நோய்தானா? காது போய்விடுமா?

ஒற்றைக்காது
ஒன்று சொல்லுங்கள், ஐயா: ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் சுற்றுகிறது?

எனக்குப் பதினோரு ஆண்டுகளாக மெனியர் நோய். முதல் இரண்டு ஆண்டுகள் "பயங்கரமாகச் சுற்றுகிறது" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்? கடைசியில் ஒருவர், கடிகாரத்தைப் பார்த்து எழுதி வாருங்கள் என்றார். எழுதியபோதுதான் எனக்கே வரிசை பிடிபட்டது. முதலில் இடது காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். பிறகு இரைச்சல் தாழ்ந்த குரலில், தூரத்து லாரி உறுமுவதுபோல் வரும். அதன்பின் இரண்டு மூன்று மணிநேரம் சுற்றலும் வாந்தியும். அசையாமல் படுத்தாலும் நிற்காது. மறுநாள் அந்தக் காது மந்தமாக இருக்கும்.

இத்தகைய சுற்றலுக்குக் காரணம் உள்காது என்று 1861இல் பாரிஸில் எடுத்துச் சொன்னவர் புரோஸ்பர் மெனியர். அதுவரை மூளையில் இரத்தம் பெருகுவதால் வருவது என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். இன்று உங்களுக்குக் கழுத்தில் தேடியிருக்கிறார்கள்.

அச்சுக்கூடத்தான்
கடிகாரம் பார்த்தேன். 25 விநாடி, 30 விநாடி, இன்று காலை 20. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது அரை மணிநேரம் என்றல்லவா நினைத்திருந்தேன்! காதில் அடைப்பு எதுவும் இல்லை.

செவிச்சோதகி
கேட்புத் திறன் பரிசோதிப்பது என் வேலை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் புரண்டால், அண்ணாந்தால், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்காதில் இடம் மாறிய படிகங்களை. எல்லோருடைய உள்காதிலும் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. அவை கழன்று, தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போது அங்குள்ள திரவத்தையும் அசைத்துவிடும். தலை நின்ற பிறகும் சுழல்வதாக மூளைக்குத் தவறான தகவல் போகும்.

டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்களைப் பார்ப்பார்கள். கண் துடிக்கும் விதத்திலிருந்து எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியும். பிறகு எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவார்கள். சில நிமிட வேலைதான். மாத்திரை குமட்டலை அடக்கும், துகளை நகர்த்தாது.

சில்வண்டுச் சத்தம் வேறு கதை. உள்காதில் கேட்கும் பகுதியான நத்தைச்சுருளில், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. இயந்திர இரைச்சலில் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை; காதுக்குள் ஓயாத சத்தம் பெரும்பாலும் அந்த இழப்போடு சேர்ந்தே வருகிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கக்கூடும். ஆடியோகிராம் என்னும் கேட்புத் திறன் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். சத்தம் ஒரே காதில் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

ஒற்றைக்காது
இன்னொன்று. என் அக்காவுக்கு ஒரு காலையில் வலது காது திடீரென்று கேட்கவில்லை. அழுக்கு அடைத்திருக்கிறது என்று மூன்று வாரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அது நரம்புவழிச் செவித்திறன் இழப்பு. ஸ்டீராய்டு சிகிச்சை பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் தரும். அக்காவுக்கு அந்தக் காது திரும்பவில்லை. அப்படி நேர்ந்தால் அன்றே போய்விடுங்கள்.

அச்சுக்கூடத்தான்
காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். வலது காது, பின்பக்கக் குழாய். படுக்கவைத்ததும் சுற்றிய சுற்றில் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். எப்ளி இரண்டு முறை செய்தார். மூன்று நாட்கள் பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருந்தது. இப்போது வலப்பக்கம் புரள்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. மறுபடியும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆடியோகிராமில் இரண்டு காதுக்கும் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், அதாவது அந்த உயர்ந்த சுருதியில் கேட்பு குறைந்திருக்கிறது. இயந்திர இரைச்சலின் தழும்பு என்றார்கள். சில்வண்டு போகவில்லை, இரவில் மின்விசிறியை ஓடவிட்டால் சத்தத்தோடு சத்தமாகக் கலந்துவிடுகிறது. காது மூடி வாங்கிவிட்டேன், இருபத்திரண்டு ஆண்டு தாமதமாக. அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறான்.