குன்றுகளில் குடும்ப நடை: காபிக்கு எங்கே உட்காருவது? – அனுபவப் பகிர்வு

ஒற்றையடிப்பாதை:

மேடும் பள்ளமுமாகப் போகும் குன்றுகளில் குடும்பத்தோடு நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். பார்க்க வேண்டியது மொத்த ஏற்றத்தை. 60 மீட்டர் உயரக் குன்றுகள் ஐந்தை ஏறி இறங்கினால், வரைபடத்தில் பெரிய மலை எதுவும் தெரியாது. ஆனால் கால்கள் 300 மீட்டர் ஏறியிருக்கும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை எண்ணி, ஏறுகிற பகுதிகளை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதைக் கழிக்கக் கூடாது.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் அது மணிக்கு 5 கி.மீ.; அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 6 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம் வரும். அது நிற்காமல் நடக்கிற, பழகிய கால்களுக்கு. ஏழெட்டு வயதுக் குழந்தைகள் கூட வந்தால் மணிக்கு 3 கி.மீ., 100 மீட்டருக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பாதை 2 மணி 45 நிமிடமாகிவிடும். காபிக்கு 40 நிமிடம் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிகிற மாதிரி கிளம்ப வேண்டும்.

காபிக்கு உட்காரும் இடத்தை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். கடைசிப் பெரிய ஏற்றம் முடிந்த பிறகு, உச்சியைத் தாண்டிப் பத்திருபது மீட்டர் கீழே இறங்கி, காற்று அடிக்காத பக்கம். ஏற்றத்துக்கு முன்னால் அடிவாரத்தில் உட்கார்ந்தால், ஆறிப்போன தசையோடும் நிறைந்த வயிற்றோடும் ஏற வேண்டியிருக்கும். குழந்தைகள் எழ மறுப்பது பெரும்பாலும் அங்கேதான். அது பிடிவாதமில்லை, உட்கார்ந்த இடம் தப்பு.

மெதுநடை:

மேலே சொன்னது சரி. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் ஒரே ஒரு நிறுத்தம் போதாது. 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பையைக் கழற்றாமல், தண்ணீர் மட்டும். காபி நிறுத்தம் இவற்றிலிருந்து தனி.

வட்டப்பாதையாக இருந்தால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் யோசியுங்கள். செங்குத்தான பக்கம் ஏறவும், சாய்வான பக்கம் இறங்கவும் அமைய வேண்டும். இறக்கத்தில்தான் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடிக்கும், முழங்கால் வலிக்கும். காபி முடிந்து எழும்போது எல்லோருடைய லேஸையும் அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிவிடுங்கள். குதிகாலில் எரிச்சல் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். சிவந்திருக்கும்போது பிளாஸ்திரி ஒட்டினால் தப்பிக்கலாம், கொப்புளம் எழும்பிய பிறகு அது ஆறுதலுக்கு மட்டும்தான். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.

ஃபிளாஸ்க் ஆள்:

காபி போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே! நடையில் மிக அதிகமாகக் கெட்டுப்போகும் விஷயம் அதுதான்.

கலந்த காபியை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோகாதீர்கள். சூட்டிலேயே இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கும்போது அதிலுள்ள சேர்மங்கள் உடைந்து அமிலமாகின்றன. புளிப்பும் கசப்பும் ஏறும். பால் கலந்திருந்தால் இன்னும் மோசம். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாலில் கிருமிகள் பெருகத் தொடங்கும். வெந்நீரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போடுங்கள். பாலைச் சின்ன பாட்டிலில், ஐஸ் பையை ஒட்டிக் குளிர்ச்சியாக வைக்கலாம், அல்லது பால்பவுடர்.

ஃபிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, புதிதாகக் கொதித்த நீரை நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் உள்சுவரே முதல் சூட்டைக் குடித்துவிடும். கழுத்துவரை நிரப்ப வேண்டும். அரைக்கொள்ளளவு நீர் வேகமாக ஆறும், ஏனென்றால் மூடி வழியாகப் போகும் சூடு ஏறக்குறைய அதேதான், இழக்க இருக்கும் சூடுதான் பாதி. பெரியவர் இருவருக்குத் தலா 200 மி.லி., குழந்தைகள் இருவருக்குத் தலா 150 மி.லி. என்றால் 700 மி.லி. ஆகிறது. அதற்கு 750 மி.லி. ஃபிளாஸ்க் முழுதாக நிறைந்திருப்பது, ஒன்றரை லிட்டர் ஃபிளாஸ்க் பாதியாக இருப்பதைவிட மேல்.

மேலே போய்ச் சேரும்போது நீர் 80 டிகிரி அளவில் இருக்கலாம். கொதிநீரைவிட அது காபித்தூளிலிருந்து சாரத்தை மெதுவாகத்தான் எடுக்கும். அதனால் 250 மி.லி.க்கு 15 கிராம் என்ற வழக்கமான அளவை மாற்றாமல், தூளைச் சற்று நைசாக அரைத்து, நான்கு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் ஊறவிடுங்கள். தூளை வீட்டிலேயே நிறுத்து, ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிட்டால் காற்றில் தூள் பறக்காது. சக்கையைப் புல்லில் கொட்டாமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள்.

குழந்தைகளின் கோப்பையில் முதலில் குளிர்ந்த நீர் அல்லது பால், அதன்மேல் வெந்நீர். 60 டிகிரி நீர் ஐந்து விநாடியிலேயே பெரியவர் தோலைக் கடுமையாகப் பொசுக்கும். குழந்தைத் தோல் இன்னும் மெல்லியது. சரிவில் கோப்பையை வைக்கவே வைக்காதீர்கள். தட்டையான கல் கிடைக்காவிட்டால் கையில்தான்.

காற்றுமறைவு:

அடுப்பு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேஸ் குப்பியின் மேல் நேரடியாகப் பொருத்தும் அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் காற்றுத்தடுப்பு வைத்தால் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள்; குப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். குளிர்காலத்தில் பியூட்டேன் வாயு மட்டும் உள்ள குப்பி எடுத்துப் போனால் சுடர் வராது. சுழியம் டிகிரியை ஒட்டி அது ஆவியாவதே நின்றுவிடும். காய்ந்த புல் இருந்தால் அடுப்பே வேண்டாம்.

உட்கார்ந்ததும் குளிர்வது உயரத்தால் அல்ல. 100 மீட்டருக்குச் சராசரியாக முக்கால் டிகிரிகூடக் குறையாது. 300 மீட்டர் ஏறினால் இரண்டு டிகிரிதான். குளிரவைப்பது வியர்வையில் நனைந்த சட்டையும் காற்றும். ஆகவே ஜாக்கெட்டைக் குளிர்ந்த பிறகு அல்ல, பையை இறக்கியவுடன் போட்டுவிடுங்கள். முதுகுத்தொட்டிலில் வருகிற குழந்தை நடக்கவே இல்லை. நமக்கு வியர்க்கும்போது அதற்குக் கால் சில்லிட்டிருக்கும். தொடையைப் பட்டை அழுத்துகிறதா என்றும் பார்த்து, இறக்கிவிட்டுச் சிறிது நேரம் கால்களை உதைக்க விடுங்கள்.

மெதுநடை:

ஒன்று விட்டுப்போயிற்று. மேய்ச்சல் நிலத்தின் நடுவே பாதை போனால், கன்றோடு இருக்கும் பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் புகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாய் கூட வந்து மாடுகள் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், அவை நாயைத்தான் குறிவைக்கின்றன. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். திறக்காத கேட்டைத் தாண்டுவதானால் கீல் பக்கமாக ஏறுங்கள், அந்தப் பக்கம்தான் எடையைத் தாங்கும்.

ஒற்றையடிப்பாதை:

வழியில் காபிக்கடை இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்கள், அது அன்றைக்குத் திறந்திருக்குமா, எப்போது மூடுவார்கள் என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். அப்படியே போனாலும் 500 மி.லி. வெந்நீரும் நாலு பொட்டலமும் பையில் இருக்கட்டும்.